சட்டத்தின் கை எட்டும் தூரம்

புலிக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 5 நகங்கள், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4. ஆக மொத்தம் 18. தங்கப் பூண் போட்டுக் கழுத்தில் தொங்கவிடும் பதக்கத்துக்கு வழக்கமாக 2 நகங்கள் வேண்டும். ஒரு புலியைக் கொன்றால் 9 பதக்கங்கள். மலேசியக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொன்னது. அத்தனையையும் கொன்றாலும் 1,350 பதக்கங்கள் தேறாது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலடியில் நிற்கும் கூட்டத்தில் ஒரு மூலைக்குக்கூட அது காணாது.

விலங்கின் தோலையும் உரோமத்தையும் விற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டங்களை எடைபோட உட்காரும்போது இந்தக் கணக்கை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் உலகில் இப்போது அதிகம் பேசப்படும் உரோமச் சட்டங்கள் வேறு கணக்கில் பிறந்தவை. கலிபோர்னியா 2019இல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரி 1 முதல் புதிய உரோம ஆடைகளின் விற்பனையை நிறுத்தியது. இஸ்ரேல் 2021இல் நாடு முழுவதற்குமாக ஆடை அலங்கார உரோமத்தைத் தடுத்தது. பிரிட்டன் அதற்கு வெகு முன்பே, 2000இல், உரோமப் பண்ணைகளை மூடச் சட்டம் செய்தது. மிங்க், நரி, சின்சில்லா தோல்களின் இறக்குமதியை இந்தியா 2017இல் நிறுத்தியது. இவையெல்லாம் கூண்டில் வளர்த்துக் கொல்லப்படும் விலங்குகளுக்காக வந்தவை. அங்கே கேள்வி கொடுமை பற்றியது, எண்ணிக்கை பற்றியதல்ல. கொரோனா அச்சத்தில் டென்மார்க் 2020 இறுதியில் கொன்ற மிங்க்குகள் மட்டுமே ஒன்றரைக் கோடிக்கு மேல். அழிந்துவிடும் என்ற கவலை அந்த விலங்குக்கு இல்லை. அது படும் பாட்டைப் பற்றிய கவலைதான் உண்டு.

நம் பேராக் மாநிலத்தில் மிங்க் மேலங்கியைத் தடுத்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இங்கே தோலுக்காகச் சாவது புலி, சிறுத்தை, கரடி ஒரு பக்கம். மலைப்பாம்பு, உடும்பு மறுபக்கம். இந்த இரண்டு பக்கங்களுக்கும் ஒரே தீர்ப்பு பொருந்தாது என்பது என் முடிவு. அதற்குப் போகும் வழியில், நம் தமிழ்ச் சமூகம் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 நடைமுறைக்கு வந்து, 1976இல்தான் மலாயாப் புலி முழுப் பாதுகாப்புக்குள் வந்தது. அதற்கு முன் புலியைக் கொல்வது வீரம். பிரிட்டிஷ் ஆட்சியின் ஒரு காலகட்டத்தில் அரசே வெகுமதி கொடுத்த காரியம். தோட்டத் துரையின் பங்களாச் சுவரில் புலித்தோல் தொங்கியது அப்படித்தான். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சுங்கை, துரோலாக் என்று தித்திவாங்சா மலையடிவாரம் நெடுகக் கிடந்த ரப்பர்த் தோட்டங்களில், இருட்டோடு பெரட்டுக்குப் போய், விடிவதற்குள் மரத்தடியில் உளியோடு நின்ற நம் பாட்டன் பாட்டிகளுக்குப் புலி வெறும் கதை இல்லை. லயத்துக்குப் பின்னால் கட்டிய மாட்டைக் கொண்டுபோன விலங்கு அது. அந்தத் தலைமுறையின் கையில் ஒரு புலிநகம் வந்து சேர்ந்ததென்றால், அது அன்று குற்றம் அல்ல. இந்த உண்மையைப் பின்னால் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் புலியைக் கொன்றவனுக்கு அதிகபட்ச அபராதம் 15,000 ரிங்கிட். 2010இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 716) அதைத் தலைகீழாக மாற்றியது. புலி, சிறுத்தை, செலாடாங் என்ற காட்டெருமை போன்ற சில விலங்குகளுக்கு அபராதம் 100,000 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது, 500,000 வரை போகலாம், கூடவே 5 ஆண்டுவரை சிறை என்று வைத்தது. முழு உடல் வேண்டியதில்லை. தோல், நகம், பல், எலும்பு, அதிலிருந்து செய்த பொருள் என எதைச் சிறப்பு அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலும் குற்றம். இன்னும் ஒரு படி மேலே போய், முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கின் பாகம் அடங்கியது என்று சொல்லி விற்கப்படும் பொருளையும் வளைத்துப் பிடித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட்டுக்கும் சிறையை 15 ஆண்டுக்கும் உயர்த்தியது. இணையத்தில் விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியது. எழுத்தளவில் பார்த்தால் இந்த வட்டாரத்திலேயே கடுமையான சட்டங்களில் இது ஒன்று.

இனி எண்ணிக்கை. 2008இல் தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம் எழுதப்பட்டபோது சொல்லப்பட்ட மதிப்பு 500 புலிகள். 2020க்குள் 1,000 ஆக்குவது இலக்கு. 2014இல் மதிப்பீடு 250க்கும் 340க்கும் இடையே இறங்கியது. 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலாயாப் புலியை மிக அருகிய இனமாக அறிவித்தது. இப்போது 150க்கும் குறைவு. தண்டனை ஏற ஏறப் புலி இறங்கியிருக்கிறது.

இதை வைத்துச் சட்டம் தோற்றது என்று தீர்ப்பு எழுதுபவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சட்டம் இல்லாதிருந்தால் இன்னும் விரைவாக அழிந்திருக்கும் என்று பதில் சொல்லித் தப்பிப்பதையும் ஏற்கவில்லை. அதற்கு ஆதாரம் காட்ட யாராலும் முடியாது. கேட்க வேண்டியது வேறு. விற்பனைத் தடை எந்த இடத்தில் வேலை செய்யும், எந்த இடத்தில் செய்யாது?

வேலை செய்த ஓர் இடத்தைப் பார்ப்போம். 1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறுத்தைத் தோல் மேலங்கி பெரிய மோகமாக இருந்தது. ஜாக்குலின் கென்னடி 1962இல் அணிந்த சிறுத்தைத் தோல் மேலங்கியின் படம் உலகம் முழுக்கப் பரவியது. அதன்பின் புள்ளித்தோல் கேட்டு வந்தவர்கள் பெருகினார்கள். 1970இல் நியூயார்க் மாநிலம் மேசன் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, சிறுத்தை, சிவிங்கிப்புலி, புலி, முதலை உள்ளிட்டவற்றின் தோற்பொருளை மாநிலத்துக்குள் விற்கக் கூடாது என்றது. வணிகர்கள் வழக்குப் போட்டார்கள், சட்டம் நின்றது. நியூயார்க் அப்போது அமெரிக்க உரோம வணிகத்தின் தலைநகரம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்ததும் எல்லை தாண்டிய வழியும் அடைபட்டது. புள்ளித்தோல் மேலங்கி சில ஆண்டுகளுக்குள் கடைக் கண்ணாடிகளிலிருந்து மறைந்தது. சிறுத்தை ஆப்பிரிக்காவில் செத்தாலும், காசு கைமாறியது நியூயார்க்கில். சட்டம் காசு கைமாறும் இடத்தில் நின்றது. அதனால் வென்றது.

பேராக்கின் வடக்கே கிரிக் பக்கம் நிலைமை நேர் எதிர். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு வடக்கே 2007இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட ராயல் பெலும் மாநிலப் பூங்கா, 117,500 ஹெக்டேர். தெற்கே மரம் வெட்ட அனுமதியுள்ள தெமெங்கோர். நாட்டில் புலிக்கு மிச்சமிருக்கும் மூன்று பெரிய காடுகளில் இது ஒன்று. இந்தக் காட்டில் 2009க்கும் 2018க்கும் இடையே புலிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று மலேசிய உலக இயற்கை நிதியத்தின் ஆய்வு சொன்னது. 2018இல் மதிப்பீடு 23. கொன்றது துப்பாக்கி அல்ல, கம்பிக் கண்ணி. தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா நாடுகளிலிருந்து காட்டுக்குள் வந்து வாரக்கணக்கில் தங்கும் கூட்டங்கள் எஃகுக் கம்பியை வளைத்து நூற்றுக்கணக்கில் கட்டிவிட்டுப் போகின்றன. கண்ணிக்குப் புலி, மான், தாப்பிர் என்ற பேதம் கிடையாது. 2009 அக்டோபரில் பெலும் தெமெங்கோர் காட்டில் ஒரு புலி காலில் கண்ணியோடு உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டது. மயக்க ஊசி போட்டு மீட்டு மலாக்கா விலங்குக்காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அங்கே செத்தது.

அந்தத் தோலுக்கும் எலும்புக்கும் விலை கொடுப்பவர்கள் ஹனோயிலும் தென்சீன நகரங்களிலும் இருக்கிறார்கள். மலேசியச் சட்டத்தில் அபராதத்தைப் பத்து லட்சம் ஆக்கினாலும் அவர்கள் காதில் அது விழாது. காட்டில் பிடிபடும் வேட்டையாளிடம் அபராதம் கட்டப் பணம் இருக்காது, சிறைக்குப் போவான். அனுப்பிய முதலாளி அடுத்த ஆளை அனுப்புவான். சீனா 1993இல் புலி எலும்பு வணிகத்தைத் தடுத்தது. 2018 அக்டோபரில் அதைத் தளர்த்தப் போவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் நிறுத்தி வைத்தது. பெலும் புலியின் ஆயுளைக் கூட்டவும் குறைக்கவும் அப்படிப்பட்ட ஓர் அறிவிப்புக்கு இருக்கும் வலு, நம் நாடாளுமன்றத்தின் தண்டனைப் பட்டியலுக்கு இல்லை. வாங்கும் ஊர் ஓர் இடத்திலும் சாகும் காடு வேறு இடத்திலும் இருக்கும்போது, காடு இருக்கும் நாட்டின் விற்பனைத் தடை பாதி ஆயுதம்தான்.

மறுபாதி காட்டுக்குள் நடக்கும் ஆள். இதற்கு ஆதாரம் இருக்கிறது, அதுவும் பேராக்கிலேயே. 2018 முதல் உலக இயற்கை நிதியம் பெலும் தெமெங்கோரில் ரோந்து அணிகளைப் பெருக்கியது; அணியினரில் பெரும்பாலோர் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள். சில ஆண்டுகளில் உயிர்ப்போடு இருந்த கண்ணிகள் 2017ஐ ஒப்பிட 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. ரிமாவ் அமைப்பும் பேராக் மாநிலப் பூங்காக் கழகமும் சேர்ந்து ஜஹாய் மக்களைக் கொண்டு மென்ராக் என்ற காவல் அணியை ராயல் பெலுமில் நிறுத்தின. 2019இல் தொடங்கிய கூட்டு நடவடிக்கையில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானோடு காவல்துறையும் காட்டுக்குள் போனது. அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்தவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்து நடக்கச் சொன்னபோது கண்ணி குறைந்தது. தண்டனையின் எடை கூடியபோது குறைந்ததற்கு எனக்குத் தெரிந்து சான்று இல்லை. புலியைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு அரசியல்வாதியும் அபராதத் தொகையைச் சொல்லி முடித்துக்கொள்கிறார். ரோந்துக்காரரின் சம்பளத்தைச் சொல்லி முடிப்பவரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அப்படியானால் விற்பனைத் தடை நமக்கு வேண்டாமா? வேண்டும். அது எந்தச் சந்தையைத் தொட முடியுமோ அந்தச் சந்தை இங்கேயும் இருக்கிறது. நியூயார்க்கைப் போல, வாங்குபவரும் சட்டமும் ஒரே ஊரில் இருக்கும் சந்தை அது. மந்திரத் தகடாகப் புலித்தோல் துண்டு கேட்பவர்கள், மருந்தென்று எலும்பு கேட்பவர்கள், கழுத்துக்கு நகம் கேட்பவர்கள் என்று எல்லா இனத்திலும் ஆட்கள் உண்டு. இதில் நகம் நம்முடையது. அளவில் இது ஹனோய்ச் சந்தையின் ஓரத்துக்கு வராது. ஆனால் மலேசியச் சட்டத்தின் கை முழுதாக எட்டுகிற புலிச் சந்தை உள்நாட்டுச் சந்தை ஒன்றுதான். அந்த இடத்தில் நாம் விலக்குக் கேட்டால், சட்டம் வெல்லக்கூடிய ஒரே களத்தையும் காலி செய்கிறோம்.

விலக்குக் கேட்பவர்களின் வாதங்கள் மூன்று. அவற்றை மதித்தே பதில் சொல்ல வேண்டும்.

முதல் வாதம், மரபு. பிள்ளைகளுக்குப் புலிப்பல் கோத்த தாலி கட்டியதைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. தில்லையில் வழிபட்ட முனிவருக்கே புலிக்கால். தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய புலியை உரித்து இறைவன் இடையில் உடுத்தினார் என்பது நம் புராணம். இரண்டாயிரம் ஆண்டு வழக்கத்தை ஒரு மலேசியச் சட்டம் எப்படிக் குற்றமாக்கலாம் என்று கேட்பவருக்கு உணர்வு இருக்கிறது, நியாயம் இல்லை. அன்று காடு நாட்டைவிடப் பெரியது. புலிப்பல் தாலி, புலியிடமிருந்து பிள்ளையைக் காக்கக் கட்டியது. இன்று காக்க வேண்டிய நிலையில் இருப்பது புலி. கோயிலைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலே கிடையாது. கல்லிலும் சுதையிலும் வண்ணத்திலும் அச்சிட்ட துணியிலும் இறைவனின் புலித்தோல் நிறைவாக இருக்கிறது. உண்மைத் தோலை விரித்து அதன்மேல் அமர்ந்தால்தான் தவம் என்று எந்த ஆகமமும் ஒரு மலேசியக் குருக்களைக் கட்டாயப்படுத்தவில்லை. காவடியின் மயிலிறகை இதோடு சேர்த்துக் குழப்புபவர்களும் உண்டு. மயில் ஆண்டுதோறும் தானாகத் தோகையை உதிர்க்கிறது; உயிரோடு நடந்து போகிறது. தோலை உதிர்க்கும் புலி இல்லை.

மற்ற நாடுகள் மரபுக்கு விலக்குக் கொடுத்திருப்பது உண்மை. இஸ்ரேலியச் சட்டம் சமயத் தேவைக்கு அனுமதி வைத்திருப்பதால், பழமைவாத யூதர்கள் அணியும் உரோமத் தொப்பி தப்பியது. கலிபோர்னியா பழங்குடியினரின் பண்பாட்டுத் தேவைக்கு வழிவிட்டது. ஆனால் அந்த விலக்குகள் எந்த விலங்குக்கு? பண்ணையில் பெருகும் விலங்குக்கும், உரிமத்தோடு வேட்டையாடக்கூடிய விலங்குக்கும். 150க்கும் கீழே போன ஓர் இனத்துக்கு எனக்குத் தெரிந்து எந்த நாடும் அப்படிக் கதவைத் திறந்துவைக்கவில்லை. விலக்கு எப்படி வைப்பது என்பதை நம் சட்டமே ஓர் இடத்தில் அழகாகக் காட்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, ஓராங் அஸ்லி ஒருவர் ஓர் அட்டவணையில் உள்ள விலங்குகளைத் தன் குடும்பத்தின் உணவுக்காக வேட்டையாடலாம் என்கிறது; விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது என்கிறது. பசிக்கு உண்டு, சந்தைக்கு இல்லை. கழுத்துப் பதக்கம் இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பதை விவாதிக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது வாதம், போலி. சந்தையில் கிடைக்கும் புலிநகத்தில் பெரும்பகுதி மாட்டுக் குளம்பிலும் கொம்பிலும் பிசினிலும் செதுக்கியது, யாரும் சாகவில்லை, பிறகு ஏன் தடை? தமிழ்நாட்டுச் சந்தைகளில் நரிக்கொம்பு என்று விற்பதும் தோலையும் மயிரையும் வைத்துச் செய்ததுதான், நரிக்குக் கொம்பு கிடையாது. இந்த வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானது. ஆனால் போலியை வாங்குபவர் போலி என்று தெரிந்து வாங்குவதில்லை. உண்மை என்று நம்பி வாங்குகிறார். கொஞ்சம் காசு சேர்ந்ததும் உண்மையே வேண்டும் என்று தேடுகிறார். போலி அந்த ஆசையை அணையாமல் வைத்திருக்கிறது. சோதனையின்போதும் அது உண்மைக்கு மறைவிடமாகிறது. 2023 அக்டோபரில் கர்நாடகத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் போட்டியாளர் ஒருவர் புலிநகப் பதக்கத்துக்காகக் கைதானார். அதைத் தொடர்ந்து வனத்துறை பல பிரபலங்களின் வீடுகளுக்குப் போனபோது, தங்களுடையது போலி என்ற பதிலும் வந்தது. ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருப்பதாகச் சொல்லி விற்பதையே குற்றமாக்கிய மலேசியச் சட்டம் இந்தச் சுற்றுவழியை அடைத்திருக்கிறது. அந்தப் பிரிவை வரைந்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. பாட்டன் வைத்துவிட்டுப் போனது. 1976க்கு முன் வந்தது, அன்று குற்றமில்லை, யாரிடமும் விற்கும் எண்ணம் இல்லை, நினைவுக்காக வைத்திருக்கிறோம். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் இடிந்து, ஈப்போவின் புந்தோங்கிலோ சிலிபினிலோ வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பத்திடம் தோட்ட வாழ்க்கையின் பொருளாக மிஞ்சியது எவ்வளவு? ஒரு மங்கு, ஓர் உளி, ஒரு புகைப்படம், அதோடு ஒரு நகம். அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டி, இவ்வளவு பெரிய அபராதத்துக்குரிய குற்றவாளி நீ என்று சொல்வது எனக்கும் உறுத்துகிறது. நாற்பது கண்ணி கட்டிவிட்டு எல்லை தாண்டியவனும், அலமாரியில் பாட்டியின் நகத்தை மறந்து வைத்திருப்பவளும் ஒரே பிரிவுக்குள் நிற்பது நல்ல சட்டத்துக்கு அடையாளம் அல்ல. சட்டத்தில் நான் காணும் பெரிய குறை இதுதான்.

ஆனாலும் பழம்பொருளுக்கு நிரந்தர விலக்குத் தரக் கூடாது. தந்தால் நாளை பிடிபடும் ஒவ்வொரு புது நகமும் பாட்டன் நகம் என்று பெயர் மாறிவிடும். நகத்தின் வயதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இந்தியா இந்தப் பாதையில் போய்ப் பார்த்தது. தன் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தை 1986இல் திருத்திப் பழைய தோல்களின் வணிகத்தையும் நிறுத்தியது; 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்து, வீட்டில் இருப்பதைத் தெரிவித்துப் பதிவு செய்யச் சொன்னது. பதிவு செய்த பொருள் வீட்டிலேயே இருந்தது. செய்தி போய்ச் சேராதவர்கள் இருபது ஆண்டு கழித்தும் கழுத்தில் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவகாசத்தை மட்டும், பதிவை அல்ல. வைத்துக்கொள்ளச் சான்றிதழ் வேண்டாம். கேள்வி கேட்காமல், பெயர் எழுதாமல் ஒப்படைக்க ஒரு காலம் வேண்டும். அந்த அறிவிப்பு மலாயோடு தமிழிலும் வர வேண்டும், கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும், வானொலியில் சொல்லப்பட வேண்டும்.

இப்போது மலைப்பாம்புக்கு வருகிறேன். இங்கே என் தீர்ப்பு மாறுகிறது. கலிபோர்னியா 1970லேயே மலைப்பாம்புத் தோல் விற்பனையைத் தடுத்துவிட்டது. அதே ஆண்டில்தான் நியூயார்க்கின் மேசன் சட்டமும் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்பவர்களோடு நான் உடன்படவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தபின் பேராக்கில் எலி பெருகியது. எலியைத் தேடி மலைப்பாம்பும் உடும்பும் பெருகின. இவை புலியைப் போல் மனிதன் தொட்டால் மறையும் விலங்குகள் அல்ல. நாம் கெடுத்த நிலத்திலேயே செழிப்பவை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் மலைப்பாம்புத் தோல்கள் ஏற்றுமதியாவதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை மதிப்பிட்டது. எண்ணைப் பார்த்தால் திகில்தான். ஆனால் சுமத்திராவில் 1995இல் அளந்த பாம்புகளையும் 2015இல் அளந்தவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு, இருபது ஆண்டுப் பிடிப்புக்குப் பின்னும் அளவிலோ வரத்திலோ சரிவைக் காணவில்லை. மலேசியச் சட்டத்தில் மலைப்பாம்பு உரிமத்தோடு பிடிக்கக்கூடிய விலங்கு. ஏற்றுமதிக்குச் சைட்டிஸ் ஒதுக்கீடு உண்டு. செம்பனைக் காட்டில் பாம்பு பிடித்துக் கொடுப்பவர், வேலை முடிந்தபின் நாலு காசு பார்க்கும் கூலியாளோ சிறுதோட்டக்காரரோதான். அந்தக் காசை நிறுத்தினால் பாம்பு பிழைக்காது. காசாக இருந்த பாம்பு தொல்லையாகிவிடும். தொல்லையைப் பாராங்கத்தியால் வெட்டிப்போடுவார்கள்.

இந்த வணிகத்தில் கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. தலையில் அடித்துவிட்டு, உடலுக்குள் தண்ணீரோ காற்றோ ஏற்றி ஊதவைத்து உரிப்பது வழக்கம். ஊர்வனவற்றுக்கு மூளை உடனே செயலிழக்காவிட்டால் உணர்வு நீடிக்கும். அடி சரியாக விழாத பாம்பு எதை அனுபவிக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூளையை உடனடியாக அழிக்கும் முறை இருக்கிறது, அதற்குச் செலவும் அதிகம் இல்லை. அதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கும் நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல. இங்கே கொடுமையைத் தடுக்க விற்பனையைத் தடுக்க வேண்டியதில்லை. கொல்லும் விதத்தைத் தடுத்தால் போதும். அந்த நிபந்தனையை மீறும் தோற்கூடத்துக்கு உரிமம் ஒரே தடவையில் போக வேண்டும்.

ஆக, தடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விலங்கைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். கூண்டு மிங்க்குக்குக் கலிபோர்னியா செய்தது சரி. மலைப்பாம்புக்கு அதே கலிபோர்னியா செய்தது, நம் மண்ணுக்குப் பொருந்தாது. புலிக்கு முழுத் தடை வேண்டும். மதத்துக்கும் மரபுக்கும் பழமைக்கும் விலக்கு இல்லாமல் வேண்டும். சட்டம் 716 அந்த முழுத் தடையை எழுத்தில் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் அபராதத்தை உயர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரசு செலவிட வேண்டியது இரண்டு இடங்களில்: ஒன்று, பெலுமிலும் தெமெங்கோரிலும் ஆண்டு முழுக்க நடக்கும் ஓராங் அஸ்லி ரோந்துக்கு நிரந்தரப் பணியும் ஓய்வூதியமும், நன்கொடை தீர்ந்தால் கலையும் அணியாக அது இருக்கக் கூடாது. இரண்டு, பெயர் கேட்காத ஒப்படைப்புக் காலம். அது முடிந்தபின் நகைத்தொழில் நடக்கும் ஒவ்வொரு தெருவிலும் விதிவிலக்கில்லாத சோதனை. பூண் கட்டித் தர மறுக்கும் பொற்கொல்லர் இருந்தால் நகத்துக்கு விலை இல்லை.

சமூகத்தின் பங்கு இதில் சின்னது இல்லை. காது குத்துக்கும் பெயர் சூட்டுக்கும் குழந்தைக்குப் புலிநகம் போட்டுப் படம் எடுக்கும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தலாம். அதற்கு எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. ஈப்போவின் பெரிய கோயில் ஒன்று முன்வந்து, முதல் ஒப்படைப்புப் பெட்டியைத் தன் அலுவலகத்தில் வைத்து, திறவுகோலைப் பெர்ஹிலித்தானிடம் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அடுத்த தைப்பூசத்துக்குள் அதைச் செய்ய முடியும்.